கையில எப்பவும் இருக்குற மாதிரி ஒரு கத்தி: அடிக்கடி கேக்குற கேள்விகள்

மன்னார்குடி பக்கம் தோப்பு, வயல்னு இருக்கேன். கத்தி தீட்டுறதும் கத்தியப் பத்திப் படிக்கிறதும் எனக்கு ரொம்பப் புடிச்ச வேலை, அதனால தெரிஞ்சவங்க யாரு கத்தி வாங்கப் போனாலும் மொதல்ல எனக்கு ஒரு போன் வந்துடும். கேக்குறது முக்காவாசி ஒரே கேள்விங்கதான். அவங்க கேட்ட மாதிரியே போட்டு கீழ பதில் எழுதிருக்கேன்.

மடக்குக் கத்தி பாக்கெட்ல வச்சிருக்கேன் அண்ணே, அது போதாதா? எதுக்கு மடங்காத கத்தி?

பார்சல் பிரிக்க, பழம் நறுக்க மடக்குக் கத்தி தாராளமா போதும். ஆனா அதுல ஒரு ஆணி, ஒரு பூட்டு, நடுவுல ஒரு சந்து இருக்கு. நம்ம வயல் சேறும் ஆத்து மணலும் அந்த சந்துக்குள்ள போயி ஒக்காந்தா தொறக்கவும் வராது, மூடவும் வராது. அழுத்தி வேல செய்யும்போது பூட்டு வழுக்குனா கத்தி மடங்குறது நம்ம வெரல் மேலதான்.

மடங்காத கத்தி, அதாவது ஃபிக்ஸட் பிளேடுல அசையிற பாகமே கெடையாது, ஒரே இரும்பு, அதுக்கு ஒரு பிடி, ஒரு உறை, அவ்ளோதான். மீன் கழுவுனதும் குழாயில காட்டி தொடச்சு வச்சிடலாம்.

வீட்ல அருவா இருக்கு, அருவாமன இருக்கு. இன்னும் ஒரு கத்தி எதுக்கு?

இந்தக் கேள்விக்கு பதில் சரியா புரிஞ்சிட்டா பாதி சந்தேகம் தானா போயிடும். அருவா வெட்டுற சாமான். எடை முன்னாடி இருக்கும், வீசி அடிக்கணும். தேங்கா மட்ட, எளநி, முள்ளு, வெறகு எல்லாம் அதுக்கு. கத்தி அறுக்குற, சீவுற, கீறுற சாமான். கயிறு அறுக்க, சாக்கு தையல் பிரிக்க, சொட்டுநீர் டியூப் வெட்ட, மோட்டார் வயர் சீவ, மூங்கில் குச்சிய கூர் பண்ண, மீன் வயித்தக் கீற. இதுக்கெல்லாம் அருவாவ கையில எடுத்தா வேலயும் சுத்தமா வராது, கையும் பத்திரம் இல்ல.

2018 நவம்பர் 16 விடியக்காலைல கஜா புயல் அடிச்சப்ப, மறுநாள் தெருவுல விழுந்து கெடந்த தென்னைய எல்லாரும் அருவாளும் ரம்பமும் வச்சுதான் அறுத்தாங்க, அதுக்கு கத்தி உதவாது. ஆனா அதுக்கடுத்து கூரைக்கு தார்ப்பாய் வெட்டிக் கட்டுறது, முறுக்கேறி நிக்கிற நைலான் கயித்த அறுக்குறது, டேங்க் குழாய் ஒட்டுப் போடுறதுன்னு நாள் கணக்கா ஓடுன வேலைங்க பூரா சின்னக் கத்தி வேலைங்க. ரெண்டும் வேணும். ஒண்ண வச்சு இன்னொண்ணு வேலய வாங்கப் பாக்குறதுலதான் கத்தியும் ஒடையுது, வெரலும் போவுது.

எவ்ளோ நீளம் வாங்கணும்? பெருசா வாங்குனா எல்லாத்துக்கும் ஆகும்ல?

ஆகாது. அலகு மட்டும் 4 இஞ்சுலேர்ந்து 5 இஞ்சுக்குள்ள இருந்தா நல்லது. 4 இஞ்ச்னா முனைய கட்டுப்பாடா நகத்தலாம், வெங்காயமும் நறுக்கலாம், கெளுத்தி மீனும் கீறலாம், இடுப்புல மாட்டிட்டு ஒக்காந்தாலும் தொடையில குத்தாது. 7, 8 இஞ்ச் கத்தி பாக்க ஜோரா இருக்கும், ஆனா வெட்டுறதுக்கு அருவா அளவு எடை இல்ல, சீவுறதுக்கு ரொம்ப நீளம், ரெண்டுங்கெட்டானா மூலையில கெடக்கும்.

பிடி நீளத்தயும் பாருங்க, இத யாரும் பாக்குறதில்ல. நாலு வெரலும் முழுசா அடங்கி கொஞ்சம் மிச்சம் இருக்கணும். கைய நனைச்சிட்டு புடிச்சுப் பாருங்க, கடைக்காரர் ஒண்ணும் சொல்ல மாட்டாரு.

எல்லாரும் ஃபுல் டாங் ஃபுல் டாங்னு சொல்றாங்களே, அப்டின்னா என்னங்க?

அலகோட இரும்பு பிடிக்குள்ள எவ்ளோ தூரம் போகுதுங்குறதுதான் விஷயம். பிடி நீளம், அகலம் பூரா அதே இரும்பு ஓடி, ரெண்டு பக்கமும் பிடித் துண்ட வச்சு ஆணி அடிச்சிருந்தா ஃபுல் டாங். பிடியோட ஓரத்தப் பாத்தாலே நடுவுல இரும்புக் கோடு தெரியும். எலி வால் மாதிரி மெல்லிசா உள்ள போயி முடிஞ்சிருந்தா அது வேற வகை.

மெல்லிசு டாங்னாலே மட்டம்னு ஒரு பேச்சு ஓடுது, அது சரியில்ல. ஸ்வீடன் மோரா கம்பெனியோட கம்பேனியன் மாடல் ஃபுல் டாங் கெடையாது, ஆனா உலகம் பூரா தோட்டக்காரங்களும் தச்சருங்களும் வருசக்கணக்கா அதுலதான் வேல பாக்குறாங்க, அறுக்குற சீவுற வேலைக்கு அது எதேஷ்டம். மூங்கில் பிளக்க கத்தி முதுகுல கட்டையால தட்டுற பழக்கம் உங்களுக்கு இருந்தா மட்டும் ஃபுல் டாங்தான் வாங்கணும். பேர் தெரியாத கத்தில உள்ள என்ன இருக்குன்னு கண்டுபுடிக்க வழியில்லாததால, அங்கயும் இரும்பு கண்ணுக்குத் தெரியுற ஃபுல் டாங்கே நல்லது.

கனம் 6 மில்லி இருக்குற கத்தி பாத்தேன், செம ஸ்ட்ராங்கா இருக்கு, வாங்கிடவா?

வேணாம். 6 மில்லி கனத்துல 4 இஞ்ச் கத்தி வாங்குனா அது உளிதான். கேரட்ட நறுக்குனா நறுக்காது, பிளக்கும். 2.5 மில்லிலேர்ந்து 4 மில்லிக்குள்ள எடுங்க. சமையலும் மீனும்தான் ஜாஸ்தின்னா 2.5, தோப்பு வேல ஜாஸ்தின்னா 3.5 பக்கம்.

முதுகு கனத்த விட முக்கியம், முதுகுலேர்ந்து வாய் (அறுக்குற ஓரம்) வரைக்கும் எப்படி மெலிஞ்சு வருதுங்குறது. முதுகுலேர்ந்தே சீரா சரிஞ்சு வந்தா அதுதான் ஃப்ளாட் கிரைண்ட், எல்லா வேலைக்கும் ஆகும். பாதி வரைக்கும் தடியா வந்து கடைசில மட்டும் சட்டுனு சரிஞ்சா குச்சி சீவ நல்லாருக்கும், காய் நறுக்க கொஞ்சம் முரண்டு புடிக்கும். முதுகு லேசா கீழ இறங்கி முனையோட சேர்ற டிராப் பாயிண்ட் போதும். முதுகுல ரம்பப் பல்லு, படத்துல வர்ற மாதிரி கொக்கி எல்லாம் இருந்தா தொடவே வேணாம்.

கார்பன் ஸ்டீல் நல்லதா ஸ்டெயின்லெஸ் நல்லதா? எனக்கு வேதாரண்யம்.

வேதாரண்யம்னு சொன்னதே பதில் மாதிரிதான். உப்பளக் காத்துல கார்பன் ஸ்டீல் ராத்திரி வச்சிட்டு காலைல பாத்தா செவந்திருக்கும். வேதாரண்யம், நாகப்பட்டினம், முத்துப்பேட்டை ஆளுங்க ஸ்டெயின்லெஸ் எடுங்க. தஞ்சாவூர், கும்மோணம், ஒரத்தநாடு பக்கம் இருக்கவங்க, தெனமும் தொடச்சு எண்ணெ தடவுற பழக்கம் இருந்தா கார்பன் எடுக்கலாம். தீட்டுறது சுலபம், பதமும் (இரும்போட கெட்டித்தன்மை) அருமையா ஏறும்.

பேரு தெரிஞ்சுக்கணும்னா, 1095ங்குறது கார்பன் ஸ்டீல், அதுல கார்பன் கிட்டத்தட்ட 0.95 சதவீதம். 12சி27ங்குறது ஸ்வீடன் ஸ்டெயின்லெஸ், கார்பன் 0.6, குரோமியம் 13.5 சதவீதம், தீட்டவும் சுலபம், துருவும் லேசுல புடிக்காது, நம்ம ஊருக்கு எனக்குப் புடிச்சது இதுதான். டி2 நடுவுல நிக்கிற ஆளு, குரோமியம் 12 கிட்ட இருந்தாலும் முழு ஸ்டெயின்லெஸ் கெடையாது, கூர்ம ரொம்ப நாள் நிக்கும், மழுங்குனா தீட்டுறதுக்குள்ள பொறும போயிடும். 3சிஆர்13னு போட்ட வெல கொறஞ்சதுல கார்பன் 0.3 சதவீதம்தான், துரு புடிக்காது, ஆனா சீக்கிரம் மழுங்கும்.

ஸ்டெயின்லெஸ்னா துருவே புடிக்காதுன்னும் நெனைக்காதீங்க. கடல் தண்ணி பட்டு அப்படியே உறையில போட்டா அதுலயும் புள்ளி புள்ளியா குழி விழும். நல்ல தண்ணில கழுவணும்.

காந்தம் வச்சுப் பாத்தேன், ஒட்டுது. ஸ்டெயின்லெஸ்னு சொல்லி ஏமாத்திட்டாங்களா?

இல்லங்க. ஒட்டலன்னாதான் நீங்க கவலப்படணும். நம்ம வீட்டு நல்ல ரக எவர்சில்வர் தட்டு, டம்ளர்ல பெரும்பாலும் 18 சதவீதம் குரோமியத்தோட 8 சதவீதம் நிக்கல் சேத்திருப்பாங்க, அது காந்தத்துல ஒட்டாது, ஆனா அத எவ்ளோ காய்ச்சி முக்குனாலும் கெட்டிப்படாது, அதுல கத்தி செஞ்சா பதம் நிக்காது. கத்திக்குப் போடுற ஸ்டெயின்லெஸ் வேற குடும்பம், காய்ச்சி முக்குனா கெட்டிப்படும், காந்தத்துலயும் ஒட்டும்.

லாரி பட்டைய குடுத்து பட்டறையில அடிச்சு வாங்கலாமா? கம்பெனி கத்திய விட நல்லாருக்குமா?

தாராளமா வாங்கலாம், எனக்கு ரொம்ப சந்தோசமான கேள்வி இது. லாரி பட்டை (லாரி அடியில இருக்குற ஸ்பிரிங் தகடு) ஸ்பிரிங் ஸ்டீல், கார்பன் 0.5, 0.6 பக்கம் இருக்கும், அடி தாங்குறதுக்குன்னே செஞ்ச இரும்பு. ஆனா ஆசாரிகிட்ட போயி "ஒரு கத்தி அடிச்சுக் குடுங்க"ன்னு மட்டும் சொன்னா, அவரு கை பழகுன மாதிரி அருவா கனத்துல, அருவா பதத்துல அடிச்சுக் குடுத்துடுவாரு. அருவா வீசி அடிக்கிற சாமான்ங்குறதால அதோட பதத்த கொஞ்சம் மெத்துன்னுதான் விடுவாங்க, இல்லன்னா கணுவுல பட்டு பல்லு விழுந்துடும். கத்திக்கு அத விட கெட்டிப் பதம் வேணும். அதனால அட்டைல வரைஞ்சு வெட்டி எடுத்துட்டுப் போங்க, கனம் 3, 3.5 மில்லின்னு சொல்லுங்க, பிடி வரைக்கும் முழு இரும்பு வேணும்னு சொல்லுங்க.

பட்டைய தேர்ந்தெடுக்கும்போது நல்லா தேச்சுட்டு வெயில்ல சாய்ச்சுப் பாருங்க, மயிரிழை வெடிப்பு இருந்தா அந்தத் துண்டு வேணாம், நடு ஓட்டை பக்கத்துலயும் எடுக்காதீங்க. அடிச்சு முடிச்சு, உலைல செவக்கக் காய்ச்சி காந்தம் ஒட்டாத பக்குவம் வந்ததுக்கு அப்பறம் சுடு பண்ணுன எண்ணெயில முக்குனா நல்லது. பச்சத் தண்ணில முக்குனா இந்த வகை இரும்பு சில நேரம் "டிக்"னு ஒரு சத்தத்தோட வெடிக்கும்.

முக்கி எடுத்ததும் கத்தி கெட்டியா இருக்கும், ஆனா கண்ணாடி கணக்கா ஒடையும். அதனால திரும்ப லேசா சூடு காட்டி எளக்கணும். பட்டறையில முதுகுப் பக்கம் பழுத்த இரும்ப வச்சு, தேச்ச பளபளப்பு மேல நெறம் ஓடுறதப் பாப்பாங்க. வைக்கோல் மஞ்சள் நெறம் வாய்க்கு வந்ததும் நிறுத்திடணும். வீட்டுல ஓவன் இருந்தா 200 டிகிரில ஒரு மணி நேரம் வச்சாலும் அதே வேலதான். கடைசில புது அரத்த வாயில லேசா இழுத்துப் பாருங்க. அரம் கடிக்காம வழுக்கிட்டுப் போனா பதம் ஏறிருக்கு, வெண்ணெயில போற மாதிரி கடிச்சா ஏறல, அங்கயே திரும்பக் குடுத்துடுங்க.

ஆன்லைன்ல டமாஸ்கஸ் கத்தி கம்மி வெலைல வருதே மாமா?

அலை அலையா கோடு இருக்குறதுக்கும் நல்லா அறுக்குறதுக்கும் சம்பந்தமில்ல. வெல கொறஞ்சதுல பல நேரம் அந்தக் கோடு மேல ஆசிட்லயோ லேசர்லயோ வரைஞ்சதுதான். வாங்கும்போது ஒரே ஒரு விஷயம் பாருங்க, ஸ்டீல் பேரு போட்டுருக்கானா? "ஹை குவாலிட்டி ஸ்டெயின்லெஸ்", "சர்ஜிக்கல் ஸ்டீல்"னு மட்டும் இருந்தா அது ஒண்ணுமே சொல்லாத மாதிரி. "440"னு மொட்டையா போட்டா அதுவும் பத்தாது. ஏ, பி, சின்னு மூணு இருக்கு, கத்திக்கு ஒசத்தி சி, மொட்டையா போடுறது பெரும்பாலும் ஏ.

பிடி மரத்துல நல்லதா, ரப்பர்ல நல்லதா?

மரம் கைக்கு சொகமா இருக்கும், ஆனா ஐப்பசி கார்த்திகைல ஊறி உப்பும், பங்குனி சித்திரைல காஞ்சு சுருங்கும், ஆணி லூசாகும். வருசத்துக்கு ரெண்டு தடவ ஆளிவிதை எண்ணெ தடவி ஊற விட்டா தாங்கும். சேத்துலயும் மீன்லயும் பொழங்குறவங்களுக்கு சொரசொரப்பான பிளாஸ்டிக் இல்லன்னா ரப்பர் பிடியே தேவல. பிடி முன்னாடி வெரல் அலகு பக்கம் வழுக்காம ஒரு தடுப்பு இருக்கணும், மீன் கொழகொழப்புல அதுதான் கைய காப்பாத்தும்.

தோல் உறை கெத்தா இருக்கே, அதுலயே வச்சிருக்கலாமா?

மாட்டிட்டுப் போக நல்லாருக்கும், அதுலயே போட்டு வைக்கக் கூடாது. தோல் ஈரத்த இழுத்து வச்சுக்கும், பதனிட்ட மருந்தும் அதுல மிச்சம் இருக்கும், ரெண்டும் சேந்து அலக அரிக்கும். நம்ம பக்கம் மழ மாசத்துல தோல் மேல பூஞ்சையே பூத்துடும். வீட்டுக்கு வந்ததும் கத்திய வெளிய எடுத்து தனியா வைங்க. பிளாஸ்டிக் உறைன்னா அடியில தண்ணி வடியிற ஓட்டை இருக்கான்னு பாருங்க. தலகீழா புடிச்சு ஒதறுனா கத்தி விழக்கூடாது.

சாணை புடிக்கிறவரு தெருவுல வர்றாரு, அவருகிட்ட குடுக்கலாமா? இல்ல நாமளே தீட்டலாமா?

அருவாமன, வீட்டுக் கத்திக்கு குடுங்க. இந்தக் கத்திக்கு, அவரு நிதானமா தண்ணி தொட்டுத் தொட்டு புடிக்கிற ஆளா இருந்தா மட்டும் குடுங்க. சக்கரத்துல சூடேறி வாய் ஓரம் நீலம் பூத்துடுச்சுன்னா அந்த எடத்துல பதம் போச்சு. மேல லாரி பட்டை கேள்வில மஞ்சளோட நிறுத்தணும்னு சொன்னேன்ல, நீலம் அதையும் தாண்டுன சூடு.

வீட்ல தீட்ட ரெண்டு பக்கம் வச்ச ஒரு கல்லு போதும், ஒரு பக்கம் 400 கிரிட் (சொரசொரப்பு), ஒரு பக்கம் 1000 கிரிட் (நைசு). தண்ணி தெளிச்சு, கத்திய கல்லு மேல படுக்க வச்சு முதுக மட்டும் தூக்குங்க. 1 இஞ்ச் அகல அலகுக்கு முதுகு 8 மில்லி ஒசந்தா கிட்டத்தட்ட 20 டிகிரி வந்துடும், அந்தக் கோணத்த மாத்தாம இழுக்குறதுலதான் எல்லாமே இருக்கு. சரியா படுதான்னு தெரியலன்னா வாய் ஓரமா மார்க்கர் பேனாவால கறுப்படிச்சிட்டு நாலு இழுப்பு இழுங்க, கறுப்பு எங்க போயிருக்குன்னு பாருங்க. வாய்க்கு மேல மட்டும் போயிருந்தா முதுக ஒசத்தணும், வாய் விளிம்புல மட்டும் போயிருந்தா தாழ்த்தணும்.

ஒரு பக்கமே தீட்டிட்டு வந்தா எதிர்ப்பக்கம் மெல்லிசா ஒரு பிசிறு சுருளும், கட்டவெரல குறுக்கால (நீளவாக்குல வேணாம், அறுத்துடும்) தடவுனா சொரசொரன்னு தட்டும். அடியிலேர்ந்து முனை வரைக்கும் அந்தப் பிசிறு தட்டுன பொறவுதான் பக்கம் மாத்தணும். பலபேரு இதுக்கு முன்னாடியே மாத்திட்டு "கூர் ஏற மாட்டேங்குது"ங்குறாங்க. கடைசில பழைய தோல் பெல்ட்ல முதுகுப் பக்கமா இழுத்தா பிசிறு போயிடும்.

வாழ வெட்டுனதுல அலகு கறுத்துப் போச்சு, துருவா அது?

துரு இல்ல, வாழக் கறையும் கார்பன் ஸ்டீலும் சேந்தா அப்டிதான் கறுக்கும். திருக்காட்டுப்பள்ளி, திருவையாறு பக்கம் வாழத் தோட்டத்துல பொழங்குற கத்தி எல்லாம் கறுப்பாதான் இருக்கும், அந்தக் கறுப்பு ஓரளவு துருவையும் தடுக்கும், சொரண்டாதீங்க. செவப்பா, தொட்டா கையில பொடி ஒட்டுனா அதுதான் துரு, சாம்பல் போட்டு தேங்கா நாரால தேய்ங்க. அப்பறம் ரெண்டு சொட்டு தேங்கா எண்ணெ. நல்லெண்ண தடவி நாள்பட வச்சா பிசுக்கு புடிக்கும்.

பைக்ல வச்சிட்டுப் போனா போலீஸ் புடிப்பாங்களா?

ஆயுதச் சட்டம் 1959, அதுக்கான விதிகள் 2016. அதுபடி அலகு 9 இஞ்சுக்கு மேல நீளமோ 2 இஞ்சுக்கு மேல அகலமோ இருந்தா ஆயுதக் கணக்குல வரும், வீட்டு வேலைக்கும் விவசாயத்துக்கும் செஞ்சது அதுல சேராது. நாம பேசுற 4 இஞ்ச் கத்தி அந்த அளவத் தொடாது. ஆனா அளவு மட்டும் பேச்சு இல்ல, எதுக்காக எங்க வச்சிருக்கீங்கங்குறதும் இருக்கு. தோப்புக்குப் போகும்போது சாமான் பைல உறையோட இருந்தா ஒரு நியாயம் இருக்கு. தேர்த் திருவிழா கூட்டத்துல, கட்சிக் கூட்டத்துல, ராத்திரி டீக்கடைல இடுப்புல தொங்க விட்டா கேள்வி வரத்தான் செய்யும், வரணும். விமானத்துல கைப்பைல கூடவே கூடாது, செக்கின் லக்கேஜ்ல போடுங்க.

கோடியக்கரை கேம்ப் போறோம், எடுத்துட்டுப் போலாம்ல?

சரணாலயத்துக்குள்ள கூடாது. கோடியக்கரை 1967லேர்ந்து வனவிலங்கு சரணாலயம். வனவிலங்கு பாதுகாப்புச் சட்டம் 1972ல, எழுத்துல அனுமதி வாங்காம ஆயுதத்தோட சரணாலயத்துக்குள்ள போகக் கூடாதுன்னு இருக்கு, அந்தச் சட்டத்துல ஆயுதம்ங்குற சொல்லுக்குள்ள கத்தியும் வருது. இங்க 4 இஞ்ச், 9 இஞ்ச் கணக்கு கெடையாது. ரூம்லயே வச்சிட்டுப் போங்க. அந்த மானுக்கும் பறவைக்கும் ஒதுக்குன எடத்துல நமக்கு கத்தி வேல ஒண்ணும் இல்ல.

கத்தி கையில பட்டு லேசா கீறிடுச்சு, மஞ்சள் வச்சா போதுமா?

ஓடுற தண்ணில சோப்பு போட்டு கழுவி, சுத்தமான துணியால அழுத்திப் புடிங்க, நடுவுல நடுவுல தூக்கிப் பாக்காதீங்க. சேத்துல, சாணில பொழங்குன கத்தின்னா கீறல் சின்னதா இருந்தாலும் ஆஸ்பத்திரி போயி டெட்டனஸ் ஊசி பத்திக் கேளுங்க, அந்தக் கிருமி மண்ணுலதான் இருக்கு. வெரல மடக்க முடியல, மரத்துப் போச்சுன்னா நரம்போ தசைநாரோ அறுந்திருக்கலாம், அன்னைக்கே போகணும்.

டப்பா நெம்புனேன், முனை ஒடஞ்சிடுச்சு. தூக்கிப் போட்டுடவா?

போடாதீங்க. அரை இஞ்சுக்குள்ள ஒடஞ்சிருந்தா சரி பண்ணிடலாம். வாய்ப்பக்கம் கைய வைக்காதீங்க, முதுகுப் பக்கத்துலேர்ந்து சரிச்சுத் தேச்சுட்டு வந்து வாயோட சேத்தா புது முனை வந்துடும். கல்லுல செஞ்சா ஒரு மத்தியானம் ஆகும். சக்கரத்துல வச்சா அடிக்கடி தண்ணில முக்குங்க, வெறும் வெரலால தொட முடியாத சூடு வந்தாலே நிறுத்திடுங்க. ஏன்னு மேல சாணை கேள்வில இருக்கு. ஒடஞ்ச அளவுக்கு கத்தி கட்டையாகும், கயிறு அறுக்க, மீன் கீற ஒரு கொறையும் இருக்காது. டப்பா நெம்ப பழைய ஸ்க்ரூ டிரைவர் ஒண்ண பக்கத்துலயே போட்டு வைங்க.